பெரிய எஞ்சின்

...நீங்களே சொல்லுங்கண்ணே, அந்த மனுசன் வாயாலதானே சொன்னாரு, பெரிய எஞ்சின் போடுன்னு! நானா ஆசப்பட்டுப் போட்டேன்? காரமா வேணும் காரமா வேணும்னு கேட்டு வாங்கித் தின்னுட்டு, வயிறு எரிஞ்சா கடக்காரன் சட்டையப் புடிக்கிறதா? அடோய், என்ன ஒலகம்லா இது!

கதவு சரியா சாத்தலயா? இந்தா... ஆங், இப்ப சாத்திருச்சு. பெல்ட்டும் போட்டாச்சு. மெதுவாவே போங்க, அவசரமில்ல. பின்னாடி ஜீப்ப சங்கிலி போட்டு இறுக்கிட்டீங்கள்ல? பாத்து. ரிப்பேரான வண்டிய ஏத்திட்டுப் போற தோ வண்டிக்காரவுங்க சில பேரு ஆட்டுக்குட்டிய கட்டுற மாதிரி கட்டிட்டு வந்துர்றாங்க. உங்களச் சொல்லல. உங்க சட்டையில பேரு போட்டிருக்கே... உடையப்பன். நல்ல பேரு. உடைஞ்ச வண்டிய எடுக்க உடையப்பன் வந்திருக்காரு, ஹாஹா... சிரிக்க மாட்டீங்களா? சரி விடுங்க.

என்ன சொல்ல வந்தீங்க? எங்க போறதா? அட, போங்கண்ணே, நேரா தெருஸா போங்க, நான் சொல்றேன். மொதல்ல இதக் கேளுங்க.

இந்த ஜீப்பு யாருதுன்னு தெரியும்ல? ஸ்கந்தராஜா ஐயா. உங்களக் கூப்புட்டு அனுப்புனவரேதான். சிலோன்காரவுங்க. பாரிட் புந்தார் பக்கம் நெல்லுக்குத் தண்ணி விடுற எஞ்சினியரா இருந்து பென்சன் வாங்குனவரு. அவரு அப்பா எங்க நாகமரத் தோட்டத்துல டிரசரு. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவருதான் எல்லாம். காச்சலா, பாம்பு கடிச்சதா, ரப்பர் பால் வெட்டுறப்ப கத்தி பட்டதா, எல்லாத்துக்கும் அந்த டிரசரு, அந்த ஜீப்பு. வெள்ளக்கார தொர ஊருக்குப் போறப்ப டிரசருக்கே ஜீப்ப குடுத்துட்டுப் போயிட்டாரு. இப்ப தோட்டமும் இல்ல, லயமும் இல்ல, எல்லாம் வீடு கட்டி தாமானா ஆயிருச்சு. ஜீப்பு மட்டும் இருக்கு.

நான் அந்த ஜீப்புல பொறந்தவன்.

நெசமாத்தாண்ணே! ஏன் திரும்பிப் பாக்குறீங்க, ரோட்டப் பாருங்க. எங்கம்மாவுக்கு வலி எடுத்துருச்சு. மழைன்னா மழை, ஆத்துப் பாலத்து மேல தண்ணி போகுது. டிரசரு ஜீப்புல போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாரு. பாலத்துக்கு இந்தப் பக்கமே நான் வந்துட்டேன். டிரைவரு எஞ்சின நிப்பாட்டல, நிப்பாட்டுனா திரும்ப ஸ்டார்ட் ஆவாதுன்னு பயம். டட டட டடன்னு அந்த டீசலு கத்துது. அதுக்கு மேல நான் கத்துறேன். எங்கம்மா சொல்லும், எஞ்சின் சத்தத்துக்கு மேல கத்துனாத்தான் கேக்கும்னு அன்னைக்கு வாயத் தொறந்தவன், இன்னும் மூடலன்னு. என் பேரு ராஜு. ஆனா எங்க ஏரியா சிலிபின்ல போயி ராஜுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. 'ஜீப்பு ராஜு'ன்னு கேளுங்க, பால்காரன்லேருந்து பசார் மீன்காரன் வரைக்கும் வொர்க் ஷாப்புக்கு வழி சொல்லுவான்.

இது ஒண்ண வச்சுக்கிட்டே அந்தக் குடும்பம் என்னப் படுத்துன பாடு இருக்கே! கல்யாணம் காட்சின்னு போனா, யாராச்சும் ஒரு ஆளக் கூட்டிட்டு வந்து, "இவர்தான் எங்கட ஜீப்பில பிறந்தவர்"னு காட்டுறது. மிருகக்காட்சி சாலையில கொரங்கு காட்டுற மாதிரி! அந்த ஆளும் என்ன மேலயும் கீழயும் பாப்பாரு. நான் என்ன பண்றது? வாய இளிச்சுக்கிட்டு நிப்பேன். உள்ளுக்குள்ள, ஏன்யா, ஜீப்புல பொறந்தவன்னு சொல்றீங்களே, அந்த ஜீப்ப எனக்குக் குடுத்தா கொறஞ்சா போயிருவீங்கன்னு தோணும். ஒருவாட்டி வாய விட்டே கேட்டேண்ணே. தைரியமாத்தான். ஐயா, ஜீப்பு சும்மாதானே தகரக் கொட்டாயில நிக்குது, எனக்குக் குடுத்துருங்களேன்னேன். என்ன சொன்னாரு தெரியுமா? "பாப்பம்."

அவ்ளோதான். பாப்பம். அவுங்க பாப்பம்னா என்ன அர்த்தம்னு இந்த ஊர்ல யாருக்கும் தெரியாதுண்ணே. ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல. பொண்ணு கேட்டுப் போனாலும் பாப்பம், கோப்பி ஓ குடிக்கிறீங்களான்னு கேட்டாலும் பாப்பம். நான் அந்தப் பாப்பத்த நெஞ்சுல வச்சுக்கிட்டு எத்தன வருசம் அலஞ்சிருக்கேன்! ஆசப்படுறது தப்பா? சொல்லுங்க. நான் மொதமொதல்ல கண்ணு முழிச்ச எடம்ணே அது. மத்தவனுக்கு ஆஸ்பத்திரி கட்டுலு. எனக்கு அந்தத் தகடு.

கம்பார் தாண்டிட்டோமா? பழைய ரோட்டுலயே போங்க. ஹைவே வேணாம், பாவம் ஜீப்பு, ஆடும்.

எதுல விட்டேன்... ஆங், எஞ்சினு. இந்த வருசம் திடீர்னு ஜீப்ப எங்கிட்ட கொண்டு வந்து விட்டாரு. பழைய எஞ்சினு வெடிச்சுப் போச்சு, பிளாக்குல கோடு விட்டிருச்சு. ஆத்துல முங்கி முங்கி ஓடுன எஞ்சினு, எத்தன நாளைக்குத் தாங்கும்? வேற எஞ்சின் மாத்தணும். எதப் போடறதுன்னு பெறகு சொல்றேன்னுட்டுப் போனாரு. அப்பறம் வாட்ஸ்அப்புல வாய்ஸ் மெசேஜ். "தம்பி ராஜு..."ன்னு ஆரம்பிச்சாருன்னா, அண்ணே, அந்தத் தம்பிக்கும் ராஜுவுக்கும் நடுவுல நான் ஒரு டயரு மாத்திருவேன். அப்புடி இழுத்து இழுத்து. சுகமா இருக்கிறீரோ, குமுதா என்ன மாதிரி... குமுதா என் சம்சாரம். அவ நல்லாத்தான் இருக்கா, விசயத்துக்கு வாங்கய்யா! நான் இந்த வாய்ஸ் மெசேஜ் எல்லாம் ரெண்டு மடங்கு வேகத்துலதாண்ணே கேப்பேன். யாருதா இருந்தாலும். மனுசனுக்கு வேல இல்லியா? கேட்டேன். கடகடன்னு போச்சு. "பெரிய எஞ்சின் போடும்"னு வந்துச்சு. போடும்! அது என்ன போடும்? எஞ்சின் தானா வந்து போடுமா? சரி, மரியாதையாச் சொல்றாராம். எனக்கு வேண்டியது கெடச்சிருச்சு, டக்குனு நிப்பாட்டிட்டேன். மிச்சமெல்லாம் கேக்கணும்னா ஒரு சாப்பாடு கட்டிக்கிட்டுத்தான் உக்காரணும்.

என்னண்ணே? ஏதோ சொல்ல வாய எடுத்தீங்க. இருங்க, இருங்க, இத முடிச்சிர்றேன், இல்லன்னா மறந்துருவேன்.

பெரிய எஞ்சின்! எனக்கு அப்புடியே புல்லரிச்சுப் போச்சு. ஆகா, மனுசனுக்கு இப்பதான் புத்தி வந்திருக்குன்னு நெனச்சேன். பழைய வண்டிய அறுத்து சாமான் விக்கிற ஹாப்கட் கடைக்குப் போனேன். கட மொதலாளி தவுக்கே பழக்கம்தான். ஜப்பான்காரன் ஆறு சிலிண்டரு டீசலு ஒண்ணு கெடந்துச்சு பாருங்க... அண்ணே, அத எஞ்சின்னு சொல்லக்கூடாது. ஆனை. நாலாயிரத்து இருநூறு சிசி. மலையவே கயிறு கட்டி இழுக்கும். கொண்டாந்து எறக்குனேன். எறக்குனா, உள்ள போவல! நீளம்லா. அந்தக் காலத்து ஜீப்புக்கு நாலு சிலிண்டரு எடம்தான் வச்சிருக்கான் வெள்ளக்காரன். விடுவேனா? ரேடியேட்டர மூக்குக்குத் தள்ளுனேன். எஞ்சினுக்கும் உக்கார்ற எடத்துக்கும் நடுவுல ஒரு தகட்டுச் சுவரு இருக்கும்ல, அத வெட்டுனேன். டிரசரு மருந்துப் பெட்டி வைக்க ஒரு தட்டு அடிச்சு வச்சிருந்தாரு, பழைய தட்டு, ஓரமெல்லாம் தேஞ்சு பளபளன்னு. அது இடிச்சுச்சு. அதையும் கிரைண்டர் போட்டு எடுத்துட்டேன். இப்ப யாரு மருந்து வைக்கப் போறா? எஞ்சினுக்கு எடம் வேணும்ல!

குமுதா வந்து பாத்துட்டு, ஏங்க, பின்னாடிதான் ஒரு நாலு சிலிண்டரு கெடக்கே, அதப் போட்டா வெட்டாம கொள்ளாம உக்காந்துருமேன்னா. பொம்பளைக்கு என்ன தெரியும்? அது பழைய தோட்டத்து தண்ணி பம்புல இருந்த டீசலு. இந்த ஜீப்புல இருந்ததுக்குக் கூடப்பொறந்தது மாதிரி. யாரும் சீண்டாம கொட்டாயில கெடந்துச்சு, குமுதாவோட கோழி அதுமேல ஏறி முட்ட வச்சிருக்கு. ஜீப்புக்கு கோழிக்கூட்டத் தூக்கி வைக்கச் சொல்றியாடின்னேன். சிரிச்சு சிரிச்சு எனக்கு வயித்து வலி.

கோப்பேங் வந்துருச்சு. நல்லாத்தான் ஓட்டுறீங்க. வாய்தான் தொறக்க மாட்டேங்குறீங்க. தொழில் அப்புடி, தெரியுது.

அப்பறம் என்ன, எல்லாம் முடிஞ்சு ஸ்டார்ட் பண்ணேன். சிலிபினே அதிர்ந்துச்சுண்ணே! பக்கத்து தாமான்ல காரு அலாரமெல்லாம் கத்துது. குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஓட்டம் ஓட்டிப் பாக்கணும்ல. இன்னைக்கு வெள்ளன எந்திரிச்சு, பசியாறக்கூட இல்ல, நேரா தாப்பா. தாப்பாவுல இருந்து கேமரன் மலை மேல. காய்கறி லாரி எல்லாத்தையும் முந்திட்டேன். மேட்டுல, மூணாவது கியர்ல! ஜீப்பு கிளப்பு பையனுங்க ஒரு கூட்டம் போயிட்டிருந்தானுங்க, மேல பூரா லைட்டு, பக்கத்துல கோடாலி, மம்புட்டி. காட்டப் பாத்ததே இல்ல, கழுவுன டயரு. அவனுங்க பக்கத்துல போயி ஆரன் அடிச்சேன், அடிச்சிட்டு ஒரே மிதி. பின்னாடி கண்ணாடியில பாத்தா அவனுங்க வாயெல்லாம் தொறந்து கெடக்கு. அடடா, அந்த ஒரு நிமிசம் இருக்கே... நான் பொறந்த ஜீப்பு, என் கையில, மலை மேல!

அடுத்த வளைவுலதான் டொக்குனு ஒரு சத்தம்.

ஆக்சில் முறிஞ்சுருச்சு. எஞ்சின் கத்துது, சக்கரம் சுத்தல. பின்னோக்கிப் போகுது. கைபிரேக்க இழுத்து, கல்ல வச்சு நிப்பாட்டுறதுக்குள்ள உசுரு போயி வந்துச்சு. பாருங்க, அந்தக் கழுவுன டயருக்காரனுங்க பின்னாலயே வந்து நின்னானுங்க. ஒதவி பண்ணுவானுங்கன்னு பாத்தா, போன எடுத்து வீடியோ! ஒருத்தன் கேக்குறான், "அங்கிள், ஆக்சில் மாத்தாமலா இவ்ளோ பெரிய எஞ்சின் போட்டீங்க?" எனக்குத் தெரியாதாடா! ஆக்சில் அந்தக் காலத்து ஆக்சிலு, எஞ்சின் ஆனை எஞ்சினு. தெரியும்தான். ஆனா ஆக்சில் மாத்தச் சொல்லி அவரு சொல்லலியே. சொன்னது எஞ்சின் மட்டும்தானே?

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ரோட்டு ஓரத்துல நின்னுக்கிட்டு போன எடுத்தேன், அவருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அவுங்க மட்டும்தான் போடுவாங்களா? போட்டேன் பாருங்க! "ஐயா, தாப்பா தாண்டி கேமரன் போற மேட்டுல உங்க பெரிய எஞ்சின் உங்க ஆக்சில முறிச்சிருச்சு. உங்க ஆசைக்கு நான் உசுர விடணுமா? இத்தன வருசமா ஜீப்புல பொறந்தவன், ஜீப்புல பொறந்தவன்னு என்ன கேலி பண்ணது போதும். இனிமே இந்த ஜீப்பு என் வொர்க் ஷாப்புல நிக்கக் கூடாது. எடுத்துட்டுப் போயி உங்க வீட்டு வாசல்ல வச்சு பூப் போட்டுக் கும்புட்டுக்குங்க!" எப்புடி? நல்லா இருக்குல்ல? அந்தக் கடைசி வரி தானா வந்துச்சுண்ணே. வாய்க்கு வந்தா நிக்காது எனக்கு.

கேட்டுட்டாரு. ரெண்டு நீலக்கோடு விழுந்துச்சு. பதில் பேசினாரா? இல்ல. பேசாம உங்கள அனுப்பி வச்சிருக்காரு. அதாண்ணே எனக்கு எரியுது! திட்டுனா திருப்பித் திட்டணும். அப்பத்தான் மனுசனுக்கு மனுசன். பேசாம இருந்தா நாமதான் தப்பு பண்ண மாதிரி ஆயிருதுல்ல?

நான் தப்பு பண்ணலண்ணே. ஆதாரம் இருக்கு. மெசேஜ அழிக்கவே இல்ல. போட்டுக் காட்டவா? நீங்க வெளியாளு, நீங்களே நியாயம் சொல்லுங்க. இந்தா... கேளுங்க... கேட்டுச்சா? 'பெரிய எஞ்சின் போடும்.' கேட்டுச்சுல்ல? என்ன, கேக்கலியா? ஒண்ணும் புரியலியா? வேகத்தக் கொறைக்கவா? அட, என்னண்ணே நீங்களும் அவரு மாதிரியே... எங்க அமுக்குறது? இந்த ரெண்டு போட்டிருக்கே, இதுவா? சிக்னல்ல சிவப்பு லைட்டுதானே, வண்டி நிக்குதுல்ல, நீங்களே அமுக்குங்க.

ஆங், ஓடுது.

"தம்பி... ராஜு. ஸ்கந்தராஜா பேசுறன். சுகமா இருக்கிறீரோ? குமுதா என்ன மாதிரி? ஜீப்புக்கு... பீரியட் எஞ்சின் போடும். விளங்குதோ?"

என்னது? நிப்பாட்டுங்க. திரும்பப் போடுங்க. பீரி... பீரியட்? பீரியட்டுன்னா என்னண்ணே? இஸ்கூல்ல மணி அடிப்பாங்களே, மொத பீரியடு, ரெண்டாவது பீரியடு, அதுவா? ஜீப்புக்கு என்னத்துக்குப் பீரியடு? இருங்க, இன்னும் பேசுறாரு, கேளுங்க.

"...அதாவது, எங்கட ஐயா, அப்பா ஓடின காலத்து எஞ்சின். உம்மட கொட்டிலில கோழி படுக்குதே, அந்த நாலு சிலிண்டர் அச்சாவா இருக்கும். போன முறை வந்தபோது பாத்தனான். ஒண்டையும் வெட்ட வேண்டாம், தம்பி. ஐயாவின்ட மருந்துத் தட்டை அப்பிடியே விடும்..."

...

இல்ல, இருக்கட்டும். ஓடட்டும். நிப்பாட்டாதீங்க.

"...செய்து முடிச்சாப் பிறகு நீரே வச்சிரும். எனக்குக் கண்ணும் சரியில்லை, இனி ஓட ஏலாது. அண்டைக்கு நீர் கேட்டபோது பாப்பம் எண்டு சொன்னனான் எல்லோ. பாத்திட்டன். உம்மட பேருக்கே மாத்தித் தாறன். அதிலதானே நீர் பிறந்தனீர். சரி தம்பி... வைக்கிறன்."

...

பச்ச விழுந்துருச்சுண்ணே. போங்க. பின்னாடி ஆரன் அடிக்கிறான்.

பாத்திட்டன்னு சொல்றாருண்ணே. பாத்திட்டாராம்.

எப்ப போட்டது இது? தீவாளிக்கு முன்னாடி. அப்பவே சொல்லிட்டாரு மனுசன். நான் கேக்கல. 'போடும்'னு வந்த ஒடனே டக்குனு... அடோய். அடோய், பொடோ, மடையா! என்னச் சொல்றேண்ணே, உங்களச் சொல்லல. அந்தத் தட்டு இருக்கே, கிரைண்டர்ல வெட்டுனப்ப மண்ணுல விழுந்துச்சு, எடுத்து வச்சிருக்கலாம். எங்க போட்டேன்னு கூடத் தெரியல. கோழி... குமுதா சொன்னா. அவகூட சொன்னா!

சரி. சரி, ஒண்ணும் கெட்டுப் போவல. ஆனைய எறக்கிருவோம். கோழிய எறக்கிட்டு அந்த நாலு சிலிண்டர ஏத்திருவோம். தகட்ட ஒட்டிருவேன், தட்டு புதுசா அடிச்சிருவேன், ஆக்சில் தேடிப் புடிச்சிருவேன். நான் அனுப்புன மெசேஜ அழிச்சிர்றேன், அழிக்க முடியும்ல? 'எல்லாருக்கும் அழி'ன்னு ஒண்ணு வருமே... ஆனா நீலக்கோடு விழுந்துருச்சு. கேட்டுட்டாரே. அவரு ரெண்டு மடங்கு வேகத்துல கேக்குற ஆளு இல்லண்ணே. ஒவ்வொரு வார்த்தையும் நிறுத்தி நிறுத்திக் கேப்பாரு. பூப் போட்டுக் கும்புட்டுக்கங்கன்னு சொன்னேனே, அதையும்.

பரவால்ல, நேரா வொர்க் ஷாப்புக்குப் போவோம். அங்க எறக்கிட்டு, நான் இன்னைக்கே போயி அவரு கால்ல... அண்ணே? இது என்ன, இந்தப் பக்கம் திரும்புறீங்க? சிலிபின் அந்தப் பக்கம்ணே. இது கேனிங் கார்டன் போற ரோடு. கேனிங் கார்டன்ல என் வொர்க் ஷாப்பு இல்ல, அங்க அவரு வீடுதான்...

யாரு சொன்னது? அவரா? வீட்டுக்கே கொண்டு வரச் சொன்னாரா?

வாசல்ல எறக்கச் சொன்னாரா.

நாந்தான் சொன்னேன்னு சொன்னாரா... ஆமா. சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன்.

இதத்தான் தாப்பாவுல இருந்து சொல்ல வந்தீங்களா? ஏண்ணே, கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கக் கூடாதா? ...நான் விட்டாத்தானே.

கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணே. மெதுவாத்தான் போறீங்க, தெரியுது. இன்னும் மெதுவா.

கேட்டு தொறந்து கெடக்கு. பூச்சட்டியெல்லாம் ஓரமா நகத்தி வச்சு எடம் பண்ணியிருக்காரு பாருங்க. நிக்கிறாரு. கையத் தூக்கி நெத்தியில வச்சுப் பாக்குறாரு, கண்ணு தெரியலல்ல. ஜீப்பு சத்தம் கேக்குமான்னு பாக்குறாரோ என்னமோ. தோ வண்டி மேல இருக்குற ஜீப்புக்கு ஏது சத்தம்.

எறங்குறீங்களா? இருங்கண்ணே. ஒரு நிமிசம். வேற ஏதாச்சும் சொன்னாராண்ணே, ஃபோன்ல? என்னப் பத்தி? சொல்லுங்க, நான் வாயே தொறக்க மாட்டேன், சத்தியமா. நீங்க பேசுங்க, நான் கேக்குறேன்... அண்ணே? அண்ணே! போயிட்டாரு.

அண்ணே, அந்தச் சங்கிலிய மட்டும் அவுக்காதீங்கண்ணே...